சொந்த ஆள் வைத்த லொரெட்டா

குளியல் தொட்டிக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள் லொரெட்டா சாபோ. குளிர்கோட்டு, கம்பளித் தொப்பி, சேறு அப்பிய பூட்ஸ் எதையும் கழற்றவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை. அந்த வீட்டிலேயே தண்ணீர் இல்லை. போன குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடித்துவிட்டன. வீட்டைக் காட்ட வந்த தரகர் குளியலறை வாசலில் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு நிற்கிறார்.

“மேடம், ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?”

“சத்தம் போடாதப்பா. கூரை என்னமோ சொல்ல வருது.”

வாங்கப்போகிற எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் செய்வது இதுதான். நின்றுகொண்டு பார்த்தால் வீடு பவுடர் போட்ட முகத்தைக் காட்டும் என்பாள். மல்லாக்கப் படுத்தால்தான் மேலே கசிந்த கறையும், கோணிய மூலையும், விற்பதற்காக நேற்று அவசரமாக அடித்த வெள்ளையும் கண்ணில் படுமாம். ஐந்து நிமிடம் அப்படியே கிடப்பாள். பிறகு இரண்டு கைகளையும் மேலே நீட்டுவாள். முழங்கால் மடங்காது என்பதால் தரகர்தான் இழுத்து எழுப்ப வேண்டும். இழுக்கத் தெம்பில்லாத தரகரிடம் அவள் வீடு வாங்குவதில்லை.

“நாலு சுவருமே கோணல்,” என்று கோட்டைத் தட்டிக்கொள்வாள். “நானும் கோணல்தான். எடுத்துக்கறேன்.”

லொரெட்டாவுக்கு அறுபத்தொரு வயது. அமெரிக்காவின் ஒஹையோவில், டொலீடோ நகரத்தில் ஓடும் மாமி ஆற்றின் கிழக்குக் கரையில், ஹங்கேரியிலிருந்து கண்ணாடித் தொழிற்சாலைக்கும் இரும்பு உலைக்கும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியிருக்கிற தெருவில் அவள் வீடு. இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். ஓய்வு பெற்றதும், பாழாய்ப்போன வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் தொழிலில் இறங்கினாள். பேருந்தை விட்டு இறங்கினாளே தவிர, பேருந்து அவளை விட்டு இறங்கவில்லை. தன் பழைய டிரக்கைக் கிளப்புவதற்கு முன்னால் இன்றைக்கும் கண்ணாடியில் பின்னால் பார்த்துத் தலை எண்ணுகிறாள். ரயில் பாதை குறுக்கிட்டால் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறாள். பனி கொட்டினாலும் சரி, பின்னால் பத்து கார் ஹாரன் அடித்தாலும் சரி. “அடிச்சுக்கோங்கடா. உங்க அம்மா அப்பாவெல்லாம் என் வண்டியில உயிரோடதான் வீடு போய்ச் சேந்தாங்க.”

முதல் நான்கு வீடுகளை வெளி ஆட்களை வைத்துத்தான் முடித்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிளம்பருக்கு ஒரு கான்ட்ராக்ட், கூரைக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று. வேலை முடிந்தால் கை குலுக்கி அனுப்பிவிடலாம். வேலை முடிந்தால்.

பிளம்பர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்பான். எந்தச் செவ்வாய்க்கிழமை என்று சொல்ல மாட்டான். ஏப்ரல் பிறந்ததும் மாமி ஆற்றில் வால்ஐ மீன் முட்டையிட ஏறும். ஊரிலுள்ள அத்தனை தச்சர்களும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். நவம்பர் முடியும்போது மான் வேட்டை. அத்தனை எலக்ட்ரீஷியன்களும் காட்டில் மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பார்கள். “ஏன்டா, மீனும் மானும் சேந்து உங்களை ஒருநாளும் வேலை செய்ய விடாதா?” என்று கேட்டாள் லொரெட்டா. டைல்ஸ் போட வந்த ஒருவன் ஒரே மாமாவை ஒரே கோடையில் மூன்று முறை அடக்கம் செய்தான். மூன்றாவது முறை இவளே ஒரு மலர்வளையம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் அந்த மாமாதான். நல்ல மனுஷர், காபி கொடுத்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். கூரைதான் பொறுக்க முடியாமல் போனது.

பெக்கர் தெரு 418-ஆம் எண் வீட்டுக்குக் கூரை மாற்ற ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தியிருந்தாள். மதியம் போய்ப் பார்த்தால் அவள் வீட்டுக் கூரையில் பழைய பாசி பழையபடியே இருக்கிறது. தெருவின் கோடியில் 481-ஆம் எண் வீடு புத்தம்புதுக் கூரையோடு பளபளக்கிறது. மேலே அவள் அமர்த்திய கான்ட்ராக்டரின் ஆட்கள் எட்டு பேர் கடைசி வரிசையை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே புல்வெளியில் நாற்காலி போட்டு, அந்த வீட்டுக்காரரான ஹார்லன் என்ற எண்பது வயதுக்காரர், எலுமிச்சை ஜூஸ் ஜாடியோடு உட்கார்ந்திருக்கிறார்.

“ஐயா, உங்க வீட்டுக் கூரைய முன்னப்பின்ன தெரியாத எட்டுப் பேர் பிரிச்சு மாத்தறாங்க. ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

“மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம இந்தக் கூரைக்காகத்தான்ம்மா ஜெபம் பண்ணேன்,” என்றார் ஹார்லன். “வந்தவங்களைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்குவேனா?”

அன்று மாலை லொரெட்டா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் புருஷன் முன்னால் நின்றாள். ஸ்டான் கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் உலை முன்னால் நின்றவன். ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, அதில் பேஸ்பால் ஆட்டம், இவ்வளவுதான் அவன் இனிமேல் இந்த உலகத்திடம் கேட்பது.

“ஸ்டான், இனி வெளியாளே கிடையாது. சொந்தமா ஆள் வைக்கப்போறேன். வாரச் சம்பளம்.”

ஸ்டான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். “நல்லா யோசிச்சுக்கோ. வெளியாள வச்சா திட்டினாப் போதும். சொந்த ஆள வச்சா சோறு போடணும்.”

“போடறேன்.”

“வேலை இல்லாத வாரமும் போடணும்.”

“வேலை இல்லாம எப்படிப் போகும்? இந்த ஊர்ல இடிஞ்ச வீட்டுக்கா பஞ்சம்?”

ஸ்டான் மறுபடி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். அவன் விவாதம் செய்கிற விதம் அது.

ஆள் எடுப்பதற்கு அவள் வைத்த பரீட்சை எளிமையானது. காலை ஆறே முக்காலுக்கு வரச் சொன்னாள். பதினாலு பேருக்குச் சொல்லியிருந்தாள். மூன்று பேர் ஆறரைக்கே வந்து நின்றார்கள். மற்றவர்களில் சிலர் செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.

மூவரில் மூத்தவன் டெல்பர்ட் கோம்ஸ். கென்டக்கி மலைப்பக்கத்துத் தச்சன். பனைமர உயரம். ஒரு பலகையை மூன்று தடவை அளப்பான், காலை பத்து மணிக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டான். இரண்டாவது ஆள் ரூஃபஸ் டாலிவர், பெயிண்டர். அவன் வாயை மூடவே மாட்டான். சர்ச்சில் பாடுகிறவன், சுவரைப் பட்டி பார்க்கும்போது அடிக்குரல், பிரைமருக்கு நடுக்குரல், கடைசிப் பூச்சுக்கு உச்சக்குரல். வீட்டு வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெருமுனையிலிருந்தே லொரெட்டாவுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது இக்னாசியோ பரேரா, டைல்ஸ்காரன். ஒரு டைல் மயிரிழை விலகியிருந்தாலும் ராத்திரி தூங்க மாட்டான். விடிந்ததும் வந்து அதைப் பெயர்ப்பான். அதற்குப் பக்கத்தில் இருப்பது சரியில்லை என்று அப்புறம்தான் தெரியும்.

“வேலை தெரியுமா தெரியாதான்னுகூடக் கேக்கல ஸ்டான்,” என்றாள் அன்று. “வந்தாங்க! சொன்ன நேரத்துக்கு வந்தாங்க! எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.”

பொற்காலம் என்றால் அதுதான். வாங்கிய வீடு ஏழு வாரத்தில் முடிந்து விற்றது. காலையில் வருகைப் பதிவு. “கோம்ஸ்?” “ம்.” “டாலிவர்?” “காலை வணக்கம் மிஸ் லொரெட்டா, கர்த்தருக்குத் தோத்திரம், நேத்து ராத்திரி என் மச்சினி...” “பரேரா?” “இருக்கேன் பாஸ்.” மூவரும் அவளைவிட ஒரு சாண், இரண்டு சாண் உயரம். ஆனால் அவள் “உக்காருங்கடா!” என்றால் எதில் உட்காருகிறோம் என்று பார்க்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். ரூஃபஸ் ஒருமுறை பெயிண்ட் வாளியிலேயே உட்கார்ந்தான். மத்தியானம் பெரிய பானையில் முட்டைக்கோசு இலையில் சுற்றிய கறி, இல்லாவிட்டால் மிளகாய்ப்பொடி போட்ட சிவப்புக் கோழிக்குழம்பு. சாப்பாட்டை எறியக்கூடாது, அடுத்தவன் தட்டைப் பார்க்கக்கூடாது, கடைசியில் சாப்பிட்டவன் பாத்திரம் கழுவ வேண்டும். எல்லாம் பேருந்துச் சட்டங்கள்.

பிறகு ஒரு வீடு விற்று அடுத்த வீடு அமையாமல் மூன்று வாரம் போனது.

லொரெட்டாவின் பலவீனம் அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஓர் ஆள் சும்மா நிற்பதை அவளால் பார்க்க முடியாது. சம்பளம் போகிறதே என்பதுகூட இரண்டாம்பட்சம். சும்மா நிற்கும்போது டெல்பர்ட்டின் அந்தப் பெரிய கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கும். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியாது. “சரி, என் சமையலறைய ஒரு கை பாருங்க,” என்றாள். பார்த்தார்கள். அழகாக வந்தது. அடுத்த இடைவெளியில் மாடிக் குளியலறை. அதற்கடுத்ததில் மாடியிலேயே இன்னொரு குளியலறை. பின்பக்கத்து மரத்தளம் வேலையில்லாத வாரம் ஒவ்வொன்றிலும் நாலடி நீண்டு, புல்வெளி முழுவதையும் விழுங்கி, வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு நாய்க்கு ஒரு வீடு கட்டினார்கள். அதற்கு முன்வராந்தா, இரண்டு ஜன்னல், ரூஃபஸின் உச்சக்குரல் பூச்சு. சர்ச்சில் பாதிரியார் லொரெட்டாவின் டிரக் வருவதைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடி வந்துவிடுவார். “லொரெட்டா, ஆண்டவரோட வீடு இருக்கிறபடியே இருக்கட்டுமேம்மா!”

ஒரு சனிக்கிழமை ஸ்டான் மீன் பிடித்துவிட்டு வாளியோடு திரும்பினான். முப்பது வருஷமாக அவன் உள்ளே போகிற பின்கதவைக் காணவில்லை. அந்த இடத்தில் சுவர் இருந்தது. சுவரைத் தட்டினான்.

“லொரெட்டா! நான் எப்படி உள்ள வர்றது?”

“சுத்திக்கிட்டு வா!” என்றது சுவர்.

“கதவு எங்க?”

“டெல்பர்ட் அங்க ஒரு மளிகை அலமாரி போட்டிருக்கான். பன்னெண்டு தட்டு! நீ உள்ள வந்து பாரேன்!”

“அதைத்தானே கேக்கறேன், எப்படி வர்றது?”

ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் அப்போது மூன்று குளியலறைகள் இருந்தன. பேஸ்மென்டில் நாலாவது நடந்துகொண்டிருந்தது. “எனக்கு ஒரு வயித்துக்கு இத்தனை எதுக்கு?” என்று மட்டும் கேட்டான் ஸ்டான். அன்று ராத்திரி ரேடியோவின் சத்தம் மிக அதிகமாக இருந்தது.

தொழிலில் இருக்கும் மற்றவர்கள் வாரம் ஒருமுறை ஒரு சிற்றுண்டிக் கடையில் கூடி முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றபடி இதே வழக்கைத்தான் பேசுவார்கள். சொந்த ஆளா, வெளியாளா? “ஆள் வச்சா வாராவாரம் தலைவலி, கான்ட்ராக்டர் வச்சா வீட்டுக்கு வீடு தலைவலி,” என்பார் ஒருவர். லொரெட்டாவைப் பார்த்து, “உன் மூணு பேரையும் தத்து எடுத்துட்டியாமே?” என்று கிண்டுவார்கள். “என் தலைவலி ஆறரைக்கு வந்துடுது. உன்னுது வந்துச்சா?” என்பாள் இவள்.

போன ஆகஸ்டில்தான் அந்தச் செங்கல் வீட்டை வாங்கினாள். மூன்று மாடி, அகலமான படிக்கட்டு, நூறு வருஷப் பழசு. அவள் அதுவரை தொட்டதிலேயே பெரியது. வங்கிக் கடனும் பெரியது. வருஷ முடிவுக்குள் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் மூன்று பேருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது என்பது மட்டுமல்ல, சும்மா நிற்கவைக்கத் தன் வீட்டில்கூட இடம் மிஞ்சாது.

மின்சார வேலைக்கு லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டும் என்பது நகராட்சி விதி. மூவரிடமும் லைசென்ஸ் இல்லை. லொரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு பானி கிரான்ட்ஸ் என்ற எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். இடுப்பில் பெல்ட், வாயில் சூயிங்கம், கையில் ஏணி. நன்றாக வேலை தெரிந்தவள். ஆனால் வெளியாள்.

மூவரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இக்னாசியோ அவள் கால் வைக்கும் இடமெல்லாம் முன்னால் ஓடி அட்டை விரித்தான். டெல்பர்ட் அவள் ஏணியை நாளுக்கு ஒரு மாடியில் கொண்டுபோய் வைத்தான். ரூஃபஸ் அவள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் உச்சக்குரலில் பாடினான். மத்தியானம் லொரெட்டா பானையைத் திறந்ததும், “அது எங்களுக்கு,” என்று அவளிடம் சொன்னான் இக்னாசியோ.

“இந்தாப்பா,” என்றாள் பானி, தன் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு. “நான் ஒண்ணும் உங்க குடும்பத்துல வாக்கப்பட வரல. கம்பி இழுத்துட்டுப் போயிடுவேன்.”

மூன்று மாடிக்கும் கம்பி இழுத்தாள். கீழ்த்தளக் குளியலறை விளக்கும் வாசல் காலிங் பெல்லும் மட்டும் பாக்கி. செவ்வாய்க்கிழமை வந்து முடித்துவிடுகிறேன் என்றாள். அதற்குள் நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டது. லொரெட்டா போன் செய்தபோது பானியின் குரல் கிசுகிசுவென்று வந்தது. மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“பொட்டச்சி நீயுமாடி?” என்றாள் லொரெட்டா.

“மெதுவாப் பேசுங்க, மான் ஓடிடும்.”

ஞாயிற்றுக்கிழமை, வீடு வாங்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கும் நாள் என்று அறிவித்தாகிவிட்டது. விளக்கும் பெல்லும் பாக்கி என்று எழுதி ஒட்டிவிடலாம் என்றிருந்தாள் லொரெட்டா. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் அவள் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.

“முடிச்சிட்டோம் மிஸ் லொரெட்டா,” என்றான் டெல்பர்ட். காலை பத்து மணி எப்போதோ தாண்டியிருந்ததால் அவனே பேசினான். “ரெண்டு கம்பிதானே? இதுக்கு எதுக்கு வெளியாளு?”

விளக்கு எரிந்தது. பெல் அடித்தது. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் வேலை செய்தன. இரண்டும் ஒன்றாக வேலை செய்கின்றன என்பதைச் சனிக்கிழமை யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனி விழுந்தது. கூட்டம் நன்றாக வந்தது. குளிரில் கதவு திறந்து மூட ஒரு ஆள் வேண்டுமென்று ஸ்டானை வாசலருகே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள் லொரெட்டா. முதலில் வந்த அம்மாள் குளியலறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். டிங் டாங். ஸ்டான் எழுந்து கதவைத் திறந்தான். யாருமில்லை. மூடிவிட்டு உட்கார்ந்தான். டிங் டாங். திறந்தான். பனிதான் உள்ளே வந்தது. ஏழாவது தடவை அவன் கதவைத் திறந்து, வெறும் வாசலைப் பார்த்து, “உள்ள வாங்க, ஷூவைத் தொடைச்சுக்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டுத் திறந்தபடியே விட்டுவிட்டான்.

லொரெட்டா விஷயத்தைப் புரிந்துகொள்வதற்குள், உண்மையிலேயே ஒருவர் வெளியே பெல்லை அழுத்தினார். குளியலறை விளக்கு அணைந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வீறிட்டாள்.

லொரெட்டா குளியலறை வாசலுக்கு ஓடினாள். விளக்கைப் போட்டபடியே விட்டால் பெல் அடிக்காது என்பது புரிந்தது. ஆனால் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வெளியே வரும்போது விளக்கை அணைக்கத்தானே செய்வார்கள்? கூடத்தின் நடுவில் நின்று இருபத்தேழு வருஷக் குரலை எடுத்தாள்.

“யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது! எல்லாரும் அவங்கவங்க கையை மடியில வைங்க!”

வக்கீல், நர்ஸ், காப்பீட்டு ஏஜென்ட் என்று இருபது பெரியவர்கள் இருந்த இடத்திலேயே நின்று கையைக் கட்டிக்கொண்டார்கள். படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சாபோ மேடம்!” என்றான் கூட்டத்திலிருந்து தாடி வைத்த ஒருவன். பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி மனைவி. “என்னைத் தெரியலையா? மூணாவது சீட்டு, ஜன்னலோரம். ட்ரென்ட்.”

லொரெட்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “வாந்தி ட்ரென்ட்டா?”

“அவனேதான்,” என்று அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். மனைவிக்கு இந்தப் பட்டம் புதிது என்று முகத்தில் தெரிந்தது.

ட்ரென்ட்டும் அவன் மனைவியும் வீட்டை மூன்று முறை சுற்றி வந்தார்கள். சமையலறை டைல்ஸை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். படிக்கட்டின் கைப்பிடியை அவன் உலுக்கிப் பார்த்தான். டெல்பர்ட் செய்தது, அசையவில்லை. எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். இந்தக் கரண்ட் வேலை யார் பாத்தது?”

கூடத்தின் ஓரத்தில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ரூஃபஸ்கூட வாயை மூடியிருந்தான். டெல்பர்ட்டின் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கின. பானி நூற்றைம்பது மைலுக்கு அப்பால் ஒரு மரத்தின்மேல் இருந்தாள். அவள் பெயரைச் சொல்லிவிட்டால் வேலை சுலபம். மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை. இந்த ஊரில் எல்லாப் பழுதுக்கும் வெளியாள் மேல்தான் பழி போடுவார்கள். இவளே நான்கு வீடு அப்படித்தான் விற்றிருக்கிறாள்.

“என் ஆளுங்க,” என்றாள் லொரெட்டா. “அந்த ரெண்டு கம்பிய என் ஆளுங்கதான் சேத்தாங்க. அவங்களுக்குத் தெரியாத வேலை. கவனிக்காம விட்டது என் தப்பு. வெளிய இருந்து ஒருத்தி வருவா, அவ சரி பண்ணாதவரைக்கும் நீ ஒத்தப் பைசா குடுக்க வேணாம். மத்ததெல்லாம், நீ இப்ப உலுக்கிப் பாத்தியே அந்தக் கைப்பிடி, உன் பொண்டாட்டி தடவுன டைல்ஸு, அதெல்லாமும் இவங்கதான். சுத்தி இன்னும் பத்து வீடு பாரு. இப்படி ஒண்ணு பாத்தியானா வந்து என்னைத் திட்டு.”

ட்ரென்ட் யோசித்தான். அவன் மனைவி யோசிக்கவில்லை. “அந்தச் சமையலறை எனக்கு வேணும்,” என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

புதன்கிழமை பானி வந்தாள். அவள் வண்டியின் கூரையில் மான் கட்டியிருந்தது. சுவரைத் திறந்து பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சரிசெய்ய ஆனது இருபது நிமிடம். சிரித்து முடிக்க ஆனது அதைவிட அதிகம். “இல்ல, நிஜமாவே கேக்கறேன். இதை இப்படிச் சேக்கணும்னா ஒரு தனி மூளை வேணும். யாரோடது அது?”

மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். மத்தியானம் இக்னாசியோ ஒரு தட்டில் சிவப்புக் குழம்பை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான். அவளும் சூயிங்கத்தைத் துப்பிவிட்டுச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து கம்பிக்கு மட்டும் பானி, மற்றதற்கெல்லாம் மூவர் என்று ஆனது. காலிங் பெல் எங்காவது அடித்தால் ரூஃபஸ் இன்றும் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறான்.

வீடு விற்றது. கடன் அடைந்தது. ஜனவரி வந்தது. வாங்குவதற்கு ஒரு வீடும் அமையவில்லை. நல்லதெல்லாம் விலை ஏறியிருந்தது. மலிவானதெல்லாம் படுத்துப் பார்த்தால் கூரையே பேச மறுக்கிற ரகம்.

ஒரு வியாழக்கிழமை ஸ்டான் தானாகவே ரேடியோவை அணைத்தான். அதனால் பேச்சு பெரிதென்று லொரெட்டாவுக்குப் புரிந்தது.

“இந்த வீட்ல இனிமே செய்ய ஒண்ணும் பாக்கி இல்ல. நானே தேடிப் பாத்துட்டேன். வசந்தம் வரைக்கும் அவங்கள நிறுத்தி வை. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. ஏப்ரல்ல கூப்பிட்டுக்கலாம்.”

“ஏப்ரல்ல வேற எவனாவது கூப்பிட்டிருப்பான்.”

“அது தெரிஞ்சதுதானே?”

“தெரிஞ்சதுதான்,” என்றாள். “சொல்லிடறேன். நாளைக்கே.”

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தாள். மாடிக் குளியலறைக் கண்ணாடியில் கொஞ்சம் கண்டிப்பாக. பக்கத்துக் குளியலறையில் கொஞ்சம் இளக்கமாக. கீழ்க் குளியலறையில் சுருக்கமாக. பேஸ்மென்ட் குளியலறையில் பாதியிலேயே நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். அங்கே ஈரம் அதிகம் என்று ஸ்டானிடம் சொன்னாள்.

சாயங்காலம் மூவரும் அவள் வீட்டுச் சமையலறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் இக்னாசியோ வெள்ளை டைல்ஸ் போட்டு முடித்திருந்தான். அந்தச் சுவருக்கு அவசியமே இல்லாத டைல்ஸ். ஒரு கோடு விலகவில்லை. அவன் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தூங்கலாம் என்பது போலத் தலையாட்டினான்.

“திங்கக்கிழமை எத்தனை மணிக்கு மிஸ் லொரெட்டா?” என்று கேட்டான் ரூஃபஸ்.

லொரெட்டா வாயைத் திறந்தாள். நான்கு கண்ணாடியில் பார்த்த பேச்சில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

“ஏன், வழக்கமா எத்தனை மணிக்கு வருவீங்க?”

“ஆறரை.”

“அப்பறம் என்ன கேள்வி?”

“மணி தெரியும். வேலை என்னன்னு கேக்கறேன்.”

“வாங்க, சொல்றேன். வண்டியில போகும்போது பெல்ட்டைப் போடுங்கடா.”

டெல்பர்ட்டின் வண்டி தெரு திரும்பும்வரை ஜன்னலருகே நின்றாள். அடுத்த அறையில் ஸ்டான் பழைய ஆட்டம் ஒன்றின் மறு ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். லொரெட்டா இழுப்பறையைத் திறந்து, கறி தட்டுகிற இரும்புச் சுத்தியலை எடுத்தாள். அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பாத்திரத் துணியை மடித்து ஒரு டைல்மேல் வைத்து, ஒரு தட்டுத் தட்டினாள். சடக்கென்று ஒரு சத்தம். துணியை எடுத்தாள். மூலைக்கு மூலை விரிசல் ஓடியிருந்தது.

“என்ன சத்தம்?” என்றான் ஸ்டான்.

“கறி தட்டறேன்.”

ஒற்றை டைலுக்கு இக்னாசியோவுக்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. அவள் துணியைப் பக்கத்து டைலுக்கு நகர்த்தினாள்.